தாமான் குழுவுக்கு எது தோது? புலனம் (வாட்ஸ்அப்), டெலிகிராம், முகநூல்: ஒரு மதிப்பீடு

மலேசியாவில் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கத்தான் குழுவைத் தொடங்குகிறார்கள். ஆறே மாதத்தில் காலை வணக்கப் படம், சேலை விற்பனை, தேர்தல் சண்டை, 'உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' எல்லாம் வந்து குவிந்துவிடுகின்றன. தண்ணீர் அறிவிப்பு மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. பொறுமை இழந்த அட்மின் ஒருநாள் 'அட்மின் மட்டுமே எழுதலாம்' என்று பூட்டுப் போடுகிறார். மறுநாளிலிருந்து குழு செத்த குளமாகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் விழுந்து கிடந்தாலும் 'யாராவது வாருங்கள்' என்று எழுத அங்கே வழியில்லை. செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், கெப்போங், பூச்சோங் எங்கே பார்த்தாலும் நம் குழுக்கள் இந்த இரண்டு நிலைக்கும் இடையில்தான் ஊசலாடுகின்றன.

அதனால் இந்த மதிப்பீட்டில் எல்லாச் செயலிகளையும் ஒரே கேள்வியால் அளக்கிறோம். எவரும் எதையும் எழுதலாம் என்பதற்கும் எவரும் எழுதக் கூடாது என்பதற்கும் நடுவில் அந்தச் செயலி எத்தனை படிகளைக் கட்டி வைத்திருக்கிறது? படி அதிகமானால் அட்மின் கோபப்பட வேண்டிய தேவை குறையும், உறுப்பினருக்கு மூச்சு விட இடமிருக்கும். மனத்தில் வைத்திருக்கும் குழு 150 முதல் 400 பேர் கொண்டது. தாத்தா பாட்டியும் உண்டு, கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. அறிவிப்பு, அவசர உதவி, வாங்கல் விற்றல், கோயில், தமிழ்ப்பள்ளி, அரட்டை எல்லாமே அதில் நடக்கும்.

முதலில் புலனம். நம் ஊரில் வாட்ஸ்அப்பைப் புலனம் என்றே பலர் எழுதுவதால் இங்கேயும் அப்படியே. இதன் முதல் பலம், எல்லாரிடமும் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான். எழுபது வயது அம்மாவுக்குப் புதிதாக ஒன்றும் கற்றுத்தர வேண்டாம். குரல் பதிவு அனுப்புவது எளிது. தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாதவருக்கும் அங்கே பேச்சுரிமை உண்டு என்பது சின்ன விஷயமில்லை. குரல் பதிவுக்கு ஒரு விதி மட்டும் வையுங்கள்: ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும், கீழே ஒரு வரி எழுத்தில் விஷயம் இருக்கட்டும். அந்த வரியை அவர் எழுத முடியாவிட்டால் முதலில் கேட்பவர் எழுதிப் போடலாம்.

ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். ஆனால் 300 பேரை ஒரே குழுவில் போட்டு எல்லாவற்றையும் பேசவிடுவதுதான் முதல் தவறு. 2022 நவம்பரில் வந்த 'கம்யூனிட்டி' வசதியை இதற்குப் பயன்படுத்துங்கள். ஒரு கம்யூனிட்டி திறந்தால் அறிவிப்புப் பகுதி தானாக வரும். அதில் அட்மின் மட்டுமே எழுத முடியும், மற்ற உறுப்பினருக்கு உங்கள் கைப்பேசி எண் தெரியாது. அதன் கீழே மூன்று குழுக்கள் போதும்: உதவி, வாங்க விற்க, அரட்டை. அறிவிப்பில் எல்லாரும் இருப்பார்கள், மற்ற மூன்றில் விரும்பியவர் மட்டும் சேர்வார்கள். காலை வணக்கப் படம் போட ஆசைப்படுகிறவருக்கு அரட்டைக் குழு இருக்கிறது, பார்க்கப் பிடிக்காதவர் அங்கே போக வேண்டியதில்லை. யாருடைய வாயையும் கட்டாமலேயே பாதிச் சண்டை இங்கே தீர்ந்துவிடும்.

கீழ்க்குழுக்களில் மட்டும் எண்கள் எல்லாருக்கும் தெரியும். வீட்டிலிருந்து பலகாரம் விற்கும் பெண்களுக்கு இது பெரிய தொல்லை. குழுவில் பார்த்த எண்ணுக்கு இரவு பதினொரு மணிக்குத் தேவையில்லாத செய்தி அனுப்புபவர்கள் உண்டு. ஆலோங் (உரிமமில்லாத வட்டிக்காரர்) விளம்பரம் வருவதும், முதலீட்டு மோசடிக்காரர் எண்களைப் பொறுக்கிச் செல்வதும் இதே வழியில்தான். எனவே குழு அமைப்பில் போய்ப் புதியவரை அட்மின் ஒப்புதலோடு மட்டும் சேர்க்கும் வசதியை முதல் நாளே திறந்து வையுங்கள். அழைப்பு இணைப்பை முகநூலில் பொதுவாகப் போடாதீர்கள். போட்டுவிட்டால் இணைப்பை மாற்றி அமையுங்கள், பழையது செல்லாமல் போகும். சேர விண்ணப்பிப்பவரிடம் எந்த புளோக், எந்த மாடி, யார் சொல்லி வந்தீர்கள் என்ற மூன்று கேள்வி போதும். வீட்டு எண் வேண்டாம். ஐசி (அடையாள அட்டை) படம் கேட்கவே கூடாது. கேட்கும் குழுக்கள் இருக்கின்றன, அவற்றில் சேராதீர்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. கேட்காமலேயே ஒருவரைக் குழுவில் இழுத்துப் போடுவது நம்மிடையே சர்வ சாதாரணம். கல்யாண வீட்டில் எண் வாங்குவார்கள், மாலையில் பார்த்தால் மூன்று குழுவில் சேர்த்திருப்பார்கள். அமைப்பில் தனியுரிமைப் பகுதியின் கீழ் குழுக்கள் என்று ஒன்று இருக்கிறது. அங்கே 'என் தொடர்புகள் மட்டும்' என்று மாற்றிக்கொண்டால் தெரியாதவர் இழுத்துச் சேர்க்க முடியாது, அழைப்பு மட்டுமே அனுப்ப முடியும். 2022 முதல் குழுவை விட்டுச் சத்தமில்லாமல் வெளியேறவும் முடிகிறது. அட்மினுக்கு மட்டுமே உடனே தெரியும். ஆனால் கடந்த 60 நாளில் விலகியவர்களின் பட்டியலை உறுப்பினர்கள் திறந்து பார்க்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி புலனத்தின் பெரிய குறை. அதில் நடுப்படி இல்லை. ஒருவர் ஒரு மணி நேரத்தில் இருபது பதிவு போட்டால் அவருடைய வேகத்தை மட்டும் குறைக்க வழியில்லை. ஒருவரை ஒரு வாரத்துக்கு எழுதாமல் படிக்க மட்டும் வைப்பதற்கும் வழியில்லை. எல்லாரும் எழுதலாம், அல்லது அட்மின் மட்டும் எழுதலாம். ஒருவர் உள்ளே இருக்கலாம், அல்லது நீக்கப்படலாம். நீக்கப்பட்டவர் பழைய இணைப்பை அழுத்தித் திரும்ப வர முடியாது, அட்மின்தான் மீண்டும் சேர்க்க வேண்டும். நகரத்துக்கு இது சின்னத் தண்டனையாகத் தெரியலாம். ஒரே கோயிலுக்குப் போய், ஒரே கடையில் தோசை சாப்பிடும் மக்களிடையே குழுவிலிருந்து தூக்குவது பந்தியிலிருந்து எழுப்புவது மாதிரி. அதனால்தான் நல்ல அட்மின்கள் தயங்குகிறார்கள், தயங்கித் தயங்கி ஒருநாள் மொத்தமாகப் பூட்டிவிடுகிறார்கள். பூட்டுக்குப் பின்னால் இருப்பது அட்மினின் ஆணவம் என்று உறுப்பினர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே இருப்பது படி இல்லாத மாடி.

ஒரு மாற்று வழி வேலை செய்கிறது. தவறு செய்தவரிடம் தேதி சொல்லிவிட்டு நீக்குவது. "அண்ணே, வாங்க விற்க குழுவில் நேற்றும் இன்றும் ஒரே விளம்பரம் நாலு தடவை வந்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை வரை உங்களை அந்தக் குழுவிலிருந்து மட்டும் எடுக்கிறேன். சனிக்கிழமை காலை நானே திரும்பச் சேர்த்துவிடுகிறேன்." அறிவிப்பிலும் உதவியிலும் அவர் தொடர்ந்து இருப்பார். சனிக்கிழமை காலை மறக்காமல் சேர்க்க வேண்டும். அதில் பிசகினால் அடுத்த தடவை அட்மினின் சொல்லுக்கு மதிப்பிருக்காது. கவனம்: கம்யூனிட்டியிலிருந்தே நீக்கினால் எல்லாக் குழுக்களிலிருந்தும் போய்விடுவார். குறிப்பிட்ட குழுவுக்குள் போய்த்தான் நீக்க வேண்டும்.

புலனத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம். மற்றவரின் பதிவை அட்மின் அழித்தால், அந்த இடத்தில் 'இந்த அட்மின் அழித்தார்' என்று பெயரோடு ஒரு தடயம் நிற்கும். என்ன அழிந்தது என்று தெரியாது, யார் அழித்தார் என்று தெரியும். அதிகாரத்தைப் பயன்படுத்துகிறவர் பெயர் வெளியே தெரிவது குழுவின் ஆரோக்கியத்துக்கு மிக நல்லது. அழித்த கையோடு காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்: 'கணக்கு எண் இருந்ததால் நீக்கினேன்', 'படத்தில் குழந்தையின் பள்ளிச் சின்னம் தெரிந்தது'. காரணம் இல்லாத அழிப்பு ஒவ்வொன்றும் தனிப்பேச்சில் ஒரு வதந்தியாக முளைக்கும்.

மறையும் செய்தி வசதியில் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று அளவு இருக்கிறது. அரட்டைக்கு 90 நாள் வையுங்கள், கைப்பேசி நிரம்பாது. வாங்க விற்க குழுவில் இதைத் திறக்கவே வேண்டாம். பணம் வாங்கிவிட்டுப் பொருள் தரவில்லை என்று போலீஸ் புகார் கொடுக்கப் போனால், விலை பேசிய பதிவுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

வதந்திக்கு வருவோம். பலமுறை பகிரப்பட்ட செய்திக்கு இரட்டை அம்புக்குறி வரும். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கைகள் மாறி வந்தது என்று அதற்குப் பொருள். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். அனுப்பும் உரிமையைப் பறிக்காமல் அனுப்பும் வேகத்தை மட்டும் குறைத்த நல்ல வடிவமைப்பு இது. ஒவ்வொரு குழுவும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். உங்கள் விதியையும் அதே அளவில் வையுங்கள்: இரட்டை அம்பு போட்டு வந்தது உதவிக் குழுவுக்கு வரக் கூடாது, அரட்டையில் கேள்வியாக வரலாம். 'இது உண்மையா?' என்று கேட்பதைத் தடுக்கவே தடுக்காதீர்கள். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் வதந்திகளைச் சரிபார்க்க 2017இல் தொடங்கிய செபெனார்ஞா தளத்தில் தேடிப் பார்த்துப் பதில் சொல்ல அட்மின்களில் ஒருவர் பொறுப்பேற்கட்டும். அந்தத் தளம் பெரும்பாலும் மலாயில் இருக்கும், இரண்டு வரித் தமிழ்ச் சுருக்கம் எழுதுவது அவருடைய வேலை.

டெலிகிராம் வேறு உலகம். குழுவில் இரண்டு இலட்சம் பேர் வரை சேரலாம் என்பது நமக்குத் தேவையில்லாத பெருமை. நமக்குத் தேவை அதன் படிகள். 'ஸ்லோ மோட்' என்ற வேகக் கட்டுப்பாட்டில் ஒருவர் ஒரு பதிவு போட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று வைக்கலாம்: 10 வினாடி, 30 வினாடி, 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம், 1 மணி நேரம். சாதாரண நாளில் அணைத்து வையுங்கள் அல்லது 10 வினாடி போதும். சண்டை சூடு பிடித்தால் 5 நிமிடம். தேர்தல் முடிவு வரும் இரவில் 15 நிமிடம். யாருடைய கருத்தும் அழிவதில்லை, எல்லாருக்கும் ஒரே காத்திருப்பு. ஐந்து நிமிடம் காத்திருப்பவர் எழுதும் இரண்டாவது பதிவு முதலாவதைவிட நீளமாகவும் நிதானமாகவும் இருக்கும். ஆனால் இந்தக் கட்டுப்பாடு அட்மினுக்குப் பொருந்தாது. அந்த நேரத்தில் அட்மின் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தால் அநியாயமாகத் தெரியும். அட்மின்களும் கடிகாரம் பார்த்தே எழுத வேண்டும்.

தனிநபர் அளவிலும் படிகள் உண்டு. உறுப்பினர் பெயரைத் தொட்டு அவருக்கு மட்டும் படம், இணைப்பு, ஸ்டிக்கர் தடுக்கலாம், எழுத்து மட்டும் விடலாம். அல்லது ஒரு நாள், ஒரு வாரம் என்று கால அளவோடு எழுதுவதையே நிறுத்தலாம். காலம் முடிந்ததும் தானாக விடுபடும். அவர் குழுவில்தான் இருப்பார், எல்லாவற்றையும் படிப்பார். தண்ணீர் வெட்டு அறிவிப்பு அவருக்கும் வரும். புலனத்தில் நாம் சனிக்கிழமை காலை நினைவில் வைத்துச் செய்ததை இங்கே செயலியே செய்கிறது.

'டாப்பிக்ஸ்' வசதியைத் திறந்தால் ஒரே குழுவுக்குள் தனித்தனி அறைகள் வரும். அறிவிப்பு என்ற அறையை மூடிவிட்டால் அதில் அட்மின் மட்டும் எழுதுவார். மற்றவை திறந்திருக்கும். ஒவ்வோர் அறையின் சத்தத்தையும் உறுப்பினர் தனித்தனியாக அணைக்கலாம். புதிதாக வருபவருக்குப் பழைய பதிவுகள் தெரியும்படி வைக்கலாம் என்பது இன்னொரு நன்மை. 'நல்ல பிளம்பர் எண் இருக்கிறதா?' என்று மாதம் ஐந்து தடவை யாரும் கேட்க வேண்டாம், தேடினால் கிடைக்கும். தேடலில் ஒரு சிக்கல்: முறுக்கு என்று தமிழில் எழுதிய பதிவு ஆங்கில எழுத்தில் தேடினால் வராது, ஆங்கில எழுத்தில் எழுதியது தமிழில் தேடினால் வராது. விற்பனைப் பதிவின் முதல் வரியில் பொருளின் பெயரைத் தமிழில் எழுதுவதை விதியாக்குங்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் விசைப்பலகை இருந்தால் ஆங்கில ஒலிப்பில் தட்டினாலே தமிழ் வந்துவிடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஓர் அறைக்கு மட்டும் படத்தைத் தடுத்து இன்னோர் அறைக்கு விடுவது முடியாது, அனுமதிகள் குழு முழுவதுக்கும் ஒன்றுதான். அட்மின் அழித்தால் உறுப்பினர் பார்வையில் தடயமே இருக்காது. அட்மின்கள் மட்டும் பார்க்கக்கூடிய நடவடிக்கைப் பதிவேட்டில் 48 மணி நேரம் வரை தெரியும். புலனத்தைவிட டெலிகிராம் பின்தங்கும் இடம் இதுதான். அழித்ததை அறிவிக்கும் பழக்கத்தை அட்மின்கள் தாங்களாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அட்மின் பெயர் மறைத்துக் குழுவின் பெயரிலேயே எழுதும் வசதியும் இதில் இருக்கிறது. தாமான் குழுவில் அதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

எண்ணை மறைக்க ஒவ்வோர் உறுப்பினரும் தனியுரிமை அமைப்பில் கைப்பேசி எண்ணை 'யாருக்கும் வேண்டாம்' என்று மாற்ற வேண்டும். புதியவரை வரவேற்கும் பதிவிலேயே இதைப் படத்தோடு சொல்லிவிடுங்கள். டெலிகிராம் குழுப் பேச்சு புலனத்தைப் போல முனைக்கு முனை மறையாக்கம் (பேசுபவர்களைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு) செய்யப்பட்டதல்ல. நோய், குடும்பச் சிக்கல், யாருக்கு எவ்வளவு உதவித் தொகை என்பதையெல்லாம் அங்கே பேச வேண்டாம். 'பாட்' எனப்படும் தானியங்கிகளில் ஒன்றுக்கு மேல் சேர்க்காதீர்கள். அட்மினாக ஆக்கப்பட்ட பாட் குழுவின் எல்லாப் பதிவுகளையும் படிக்கும். அதை இயக்குபவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. மேலும் போலி முதலீட்டு விளம்பரங்கள் அங்கே அதிகம் உலவுகின்றன. புதியவர் முதல் நாளில் இணைப்பு போட்டால் விசாரிக்காமல் விடாதீர்கள்.

எங்கள் தீர்ப்பு: சுதந்திரத்தையும் பொது நன்மையையும் சேர்த்து நிறுத்தும் கட்டமைப்பு டெலிகிராமிடம்தான் இருக்கிறது, ஐந்துக்கு நான்கு. புலனத்துக்கு மூன்றரை, அதில் ஒன்று முழுக்க 'எல்லாரும் இருக்கிறார்கள்' என்பதற்காக. மூத்தவர்கள் அதிகமுள்ள குழு புலனத்திலேயே இருக்கட்டும். விவாதம், வாசிப்பு, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் என்று பேச்சே முக்கியமான குழு டெலிகிராமுக்குப் போகலாம். ஒரே கூட்டத்தை இரண்டிலும் பாதிப் பாதியாக வைக்காதீர்கள். செய்தி ஒரு பக்கம், பதில் மறுபக்கம் என்று சிதறிவிடும்.

முகநூல் குழு விற்பனைக்கு நல்லது. சேர விரும்புபவரிடம் மூன்று கேள்வி கேட்கலாம், பத்து விதி வரை எழுதி வைக்கலாம், ஒவ்வொரு பதிவையும் பார்த்து அனுமதிக்கலாம். அவசரத்துக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். பதிவுகள் நேர வரிசையில் வருவதில்லை. காலையில் போட்ட தண்ணீர் அறிவிப்பு மூன்றாம் நாள் தலைக்கு மேல் வந்து நிற்கும். எதைப் பார்க்க வேண்டும் என்பதை அங்கே குழு முடிவு செய்வதில்லை, நிறுவனத்தின் கணினி நிரல் முடிவு செய்கிறது. மூன்றுக்கு மேல் கொடுக்க முடியவில்லை. டிஸ்கார்டு என்ற இன்னோர் அரட்டைச் செயலி கல்லூரி மாணவர்களுக்கு அருமையான கருவி, வீட்டு அம்மாக்களுக்கு அல்ல.

கூட்டாகப் பொருள் வாங்குவதில்தான் குழுவின் பயன் கண்ணுக்குத் தெரியும், மனக்கசப்பும் அங்கேதான் அதிகம் பிறக்கிறது. தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் எடுக்கும் வழக்கமான முறையைப் பாருங்கள். ஒருவர் எண் போட்ட பட்டியல் இடுவார், மற்றவர்கள் நகலெடுத்துத் தங்கள் பெயரைக் கடைசியில் சேர்த்து மீண்டும் போடுவார்கள். இரண்டு பேர் ஒரே நிமிடத்தில் நகலெடுத்தால் இருவரும் 14ஆம் எண்ணில் இருப்பார்கள், அடுத்தவர் எந்தப் பட்டியலை எடுக்கிறாரோ அதில் ஒருவர் பெயர் காணாமல் போகும். விநியோக நாளில் அவருக்கு முறுக்கு இருக்காது. இதற்குப் பதில் வாக்கெடுப்பு வசதியைப் பயன்படுத்துங்கள். புலனத்தில் 12 தெரிவுகள் வரை போடலாம். '1 பாக்கெட்', '2 பாக்கெட்', '3 பாக்கெட்' என்று வைத்து, பல தெரிவுகளை அனுமதிக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். யார் எதைத் தொட்டார் என்று பெயரோடு தெரியும், எண்ணிக்கை தவறாது. மூடும் தேதி, மொத்த விலை, எடுக்கும் இடம் மூன்றும் கேள்வி வரியிலேயே இருக்கட்டும்.

அதே வாக்கெடுப்பைக் குழு விதியை மாற்றவோ அட்மினைத் தேர்ந்தெடுக்கவோ பயன்படுத்தினால் நிலைமை தலைகீழ். பெயர் தெரிவதால் பெரியவர் ஒருவர் முதலில் எதைத் தொடுகிறாரோ மற்றவர்கள் அதையே தொடுவார்கள். மரியாதைக்குப் போடும் வாக்கு அது. இப்படிப்பட்ட முடிவுக்கு டெலிகிராமின் பெயர் தெரியாத வாக்கெடுப்பு அல்லது கூகுள் படிவம்தான் சரி.

பணத்தில் இரண்டு எச்சரிக்கை. விற்பவரின் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் மோசடிக் கணக்குகளைக் காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டே பணம் அனுப்புங்கள். ஏமாந்தது தெரிந்தால் குழுவில் புலம்புவதற்கு முன் 997ஐ அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் தகவல் போனால்தான் தடுக்க வாய்ப்பு. இரண்டாவது, கூட்டுப் பணம் (ஏலச் சீட்டு) பிடிப்பதைக் குழுவுக்குள் விடாதீர்கள். அதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' இருக்கிறது, சீட்டு என்று பெயர் மாற்றினாலும் அதே சட்டத்துக்குள்தான் வரும். தெரிந்தவர்தானே என்ற நம்பிக்கையில் தொடங்கி, இரண்டாவது ஏலத்தில் ஆள் காணாமல் போனால் குழுவில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாது.

சட்டம் என்றதும் அட்மின்களின் பயத்தைப் பேசியாக வேண்டும். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 114ஏ பிரிவு, ஒரு வெளியீட்டில் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ ஒருவர் பெயர் காணப்பட்டால், மறுத்து நிரூபிக்கும் வரை அவரே வெளியிட்டதாக எடுத்துக்கொள்கிறது. 2021 பிப்ரவரியில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 5 இலட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தபோது இந்தப் பிரிவின் பலம் எல்லாருக்கும் புரிந்தது. அந்தத் தொகையைச் சில மணி நேரத்தில் பொதுமக்களே நன்கொடையாகக் கொடுத்து முடித்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஓர் இடம் தங்களுக்குப் பயன்பட்டது என்று மக்கள் உணர்ந்தால் அதற்காக நிற்பார்கள். 1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டாக இருந்தது. 2025 திருத்தத்தில் அது 5 இலட்சமானது.

பயத்தால் குழுவைப் பூட்டுவது இதற்கு மருந்தல்ல. 3ஆர் என்று இங்கே சொல்லப்படும் இனம், சமயம், அரச பரம்பரை தொடர்பாக இழிவான பதிவு வந்தால் எவ்வளவு சீக்கிரம் கவனிக்கப்படுகிறது என்பதே முக்கியம். 300 பேருக்கு நான்கு அட்மின் வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. நால்வரும் ஒரே நேரத்தில் தூங்குகிறவர்களாக இருக்கக் கூடாது. இரவு ஷிப்ட் பார்ப்பவர் ஒருவர் இருந்தால் விடியற்காலைப் பதிவு காலை ஒன்பது வரை நிற்காது. ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தொல்லையைப் பற்றிப் பெண்கள் யாரிடமும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருவருக்கு மலாய் அறிவிப்புகளைச் சரியாக மொழிபெயர்க்கத் தெரிய வேண்டும். ஆபத்தான பதிவை முதலில் பார்ப்பவர் படம் எடுத்து வைத்துக்கொண்டு உடனே நீக்கலாம், காரணத்தை எழுதலாம். ஆனால் ஆளை நீக்குவது என்றால் இரண்டு அட்மின் ஒப்புக்கொள்ள வேண்டும். பதிவை அழிக்க ஒருவர், ஆளை வெளியேற்ற இருவர். இந்த ஒரு விதி எத்தனையோ சொந்தப் பகையைக் குழுவுக்கு வெளியே நிறுத்தும்.

அரசையோ குடியிருப்பு நிர்வாகத்தையோ கோயில் குழுவையோ குறை சொல்லும் பதிவை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். 'லிப்ட் மூன்று வாரமாக ஓடவில்லை, பராமரிப்புக் கட்டணம் எங்கே போகிறது?' என்பது பொது நன்மைக்கான கேள்வி. அது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். கோயில் கணக்கு கேட்பவரை 'குழு அமைதி' என்று சொல்லி அடக்கும் அட்மின் குழுவையே ஒரு சாராருக்கு எழுதிக் கொடுக்கிறார். கேள்வி தேதியோடும் தொகையோடும் இருக்கட்டும், ஆளின் குடும்பத்தையும் சாதியையும் தொடாமல் இருக்கட்டும். அந்த இரண்டு நிபந்தனை போதும். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதற்கு முதல் எச்சரிக்கையே கிடையாது என்று எழுதி வையுங்கள்.

அட்மின் பணம் வாங்கிக்கொண்டு சிலருடைய விளம்பரத்தை மட்டும் மேலே பொருத்தி வைப்பதும் நடக்கிறது. வாங்கக் கூடாது என்பதில்லை, உழைப்புக்குக் கூலி நியாயம்தான். பதிவுக்கு எவ்வளவு, யாரிடம் வாங்கியது, எதற்குச் செலவானது என்று மாதம் ஒருமுறை அறிவிப்பில் போட வேண்டும். புலனத்தில் மூன்று பதிவுகளைப் பொருத்தி வைக்கலாம், உச்சம் 30 நாள். அவற்றில் ஒன்று எப்போதும் விதிகளுக்கு, ஒன்று அவசர எண்களுக்கு. விளம்பரத்துக்கு மிச்சம் ஒன்றுதான்.

கடைசியாகக் கைமாற்றம். டெலிகிராமில் உரிமையாளர் ஒருவர்தான். உரிமையை மாற்றித்தர இரண்டடுக்குக் கடவுச்சொல் வேண்டும், அது வைத்து 7 நாளாவது ஆகியிருக்க வேண்டும். எனவே அதை இன்றே வைத்துவிடுங்கள், ஜொகூருக்கு வீடு மாறும் வாரத்தில் தேட வேண்டாம். செயலியே போய்விடுவதும் உண்டு. சுங்கைப்பட்டாணி டாக்டர் எஸ். ஜெயபாரதி நடத்திய அகத்தியர் குழு யாஹூவில்தான் இயங்கியது. இலக்கியம், சமயம், மருத்துவம் என்று ஆண்டுக்கணக்கில் தமிழர்கள் அங்கே எழுதினார்கள். 2019 டிசம்பரில் யாஹூ குழுக்களின் உள்ளடக்கத்தை நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பர் 15இல் அந்தச் சேவையையே மூடிவிட்டது. தாமான் குழுவில் அவ்வளவு இலக்கியம் இருக்காது. ஆனால் நம்பகமான மின்பணியாளர், தமிழில் பேசும் குழந்தை மருத்துவர், பள்ளிப் பதிவுக்கு என்னென்ன ஆவணம், எந்தப் பிளாட்டில் சக்கர நாற்காலி இரவல் கிடைக்கும் என்பவை உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிச் சேர்ந்த சொத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் அவற்றைப் பொறுக்கி ஒரு கூகுள் ஆவணத்தில் தமிழில் எழுதட்டும். எண் கொடுத்தவரிடம் சம்மதம் கேட்டபின் சேர்க்கட்டும். திருத்தும் உரிமை நால்வருக்கு இருக்கட்டும், படிக்கும் இணைப்பு எல்லாருக்கும் போகட்டும், அச்செடுத்த ஒரு பிரதி காவலாளி அறையில் ஒட்டப்படட்டும்.